87 மதிப்பெண் வாங்கியவர் ஏன் கோல் அடிப்பதில்லை?

கால்பந்து வீடியோ கேமில், ஒரு கழகத்தை நாமே நடத்தும் கேரியர் முறையில் 79 மதிப்பெண் கொண்ட முன்கள வீரரை விற்றுவிட்டு, கையிலிருந்த நிதியையெல்லாம் கொட்டி 87 மதிப்பெண் கொண்ட ஒருவரை வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பழையவர் குள்ளமானவர், வேகம் 92, இருபது ஆட்டங்களில் 15 கோல். புதியவர் 1.90 மீட்டர் உயரம், தலையால் அடிப்பதிலும் உடல் வலிமையிலும் 90, வேகம் மட்டும் 68. அவர் அதே இருபது ஆட்டங்களில் 7 கோலோடு நிற்கிறார். மதிப்பெண் பொய்யா, ஆட்டம் திட்டமிட்டு நம்மை ஏமாற்றுகிறதா, இவரை ஜனவரியில் விற்றுவிடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் நேரான விடை உண்டு. ஆனால் முதல் இரண்டையும் பேசாமல் அங்கே போக முடியாது.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். 1993 இறுதியில் தொடங்கி ஃபிஃபா என்ற பெயரில் வந்து, 2023 முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று பெயர் மாறிய தொடரில், ஒவ்வொரு வீரருக்கும் 99க்குள் முப்பதுக்கு மேற்பட்ட தனித்தனிப் பண்புகள் குறிக்கப்படுகின்றன. 'ஓவரால்' என்று நாம் சொல்லும் மொத்த மதிப்பெண் இவற்றின் வெறும் சராசரி அன்று. அவர் ஆடும் இடத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டப்படுவது. பழைய பதிப்புகளின் தரவுகளை அலசி ரசிகர்கள் கண்டெடுத்த எடைகளின்படி, முன்கள வீரருக்கு ஃபினிஷிங் (வாய்ப்பைக் கோலாக்கும் திறன்) 18 விழுக்காடு, இடம் பிடித்து நிற்பது 13, பந்துக் கட்டுப்பாடு, உதையின் பலம், தலையால் அடிப்பது ஆகியவை தலா 10, எதிர்வினை 8, டிரிப்ளிங் (பந்தைக் காலோடு கொண்டு செல்வது) 7, உடல் வலிமை 5, ஓட்டத்தின் உச்ச வேகம் 5, முடுக்கம் 4 என்று போகிறது. மிச்சம் பாஸ், தூர உதை, வாலி (தரையில் படும் முன் காற்றிலேயே உதைப்பது) ஆகியவற்றுக்கு. இந்தப் பட்டியலில் எவை இருக்கின்றன என்பதைவிட எவை இல்லை என்பதைக் கவனியுங்கள். உடலை வளைத்துத் திரும்பும் சுறுசுறுப்பு இல்லை, தடுமாறாமல் நிற்கும் சமநிலை இல்லை, தொண்ணூறு நிமிடம் தாங்கும் தம் இல்லை. மூன்றிலும் ஒருவருக்குச் சுழியம் கொடுத்தாலும் அவருடைய மொத்த மதிப்பெண் அசையாது.

இதே கணக்கை உங்கள் வீரர்கள் இருவருக்கும் போட்டுப் பார்க்கலாம். குள்ளமானவருக்குத் தலையால் அடிப்பதும் உடல் வலிமையும் 55 என்று வைத்துக்கொள்வோம். தலையடியில் உள்ள 35 புள்ளி வித்தியாசம் மொத்த மதிப்பெண்ணில் மூன்றரையாக ஏறுகிறது. வலிமையில் உள்ள 35 புள்ளி ஒன்றேமுக்காலாக ஏறுகிறது. ஆக, 79க்கும் 87க்கும் இடையிலுள்ள எட்டில் ஐந்துக்கு மேல் இந்த இரண்டு பண்புகளே கொண்டுவந்தவை. மறுபக்கம், வேகத்தில் 24 புள்ளி குறைந்ததற்காக அவர் இழந்தது இரண்டு மதிப்பெண் சொச்சம் மட்டுமே. நடுக்காப்பாளர்களின் கணக்கு இன்னும் வேடிக்கையானது: அவர்களுடைய சூத்திரத்தில் உச்ச வேகத்துக்கு வெறும் 2 விழுக்காடு, முடுக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. வேகம் 50 உள்ள ஒருவரை ஒரே இரவில் 85 ஆக்கினாலும் மொத்த மதிப்பெண் முக்கால் புள்ளிகூட உயராது. ஆனால் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் உங்களுக்கு அவர் வேறு மனிதராகத் தெரிவார். மொத்த மதிப்பெண்ணும் கட்-ஆஃபும் ஒன்றல்ல என்பது பிளஸ் டூ எழுதிய யாருக்கும் தெரிந்ததுதான். விளையாட்டில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

எனவே மதிப்பெண் பொய் அன்று. அது அளக்க நினைத்ததை ஓரளவு நேர்மையாகவே அளக்கிறது. அது அளப்பது உண்மையான கால்பந்து வீரரை. உங்கள் திரையில் ஆடுபவரோ அவருடைய உடலும் உங்களுடைய மூளையும் சேர்ந்த ஒரு கலவை. எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, யாருக்குப் பந்து கொடுப்பது, எந்தக் கணத்தில் உதைப்பது என்ற முடிவுகளை, பந்து அவர் காலில் இருக்கும் வரை, நீங்கள்தான் எடுக்கிறீர்கள். அப்போது அவருடைய பல்லாண்டு அனுபவமும் ஆட்டத்தைப் படிக்கும் அறிவும் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. உங்களுக்கு அவரிடமிருந்து வேண்டியிருப்பது நீங்கள் கொடுக்க முடியாதவை மட்டுமே: வேகம், திரும்பும் லாகவம், உயரம், இரு காலாலும் உதைக்கும் திறன், தம்.

இதற்கு செர்ஹியோ புஸ்கெட்ஸைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 2010 உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயினுக்கும், அந்தக் காலத்து பார்சிலோனாவுக்கும் அச்சாணியாக இருந்தவர். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அது எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்துவிடுபவர். அதனால் அவருக்கு ஓட வேண்டிய தேவையே பெரிதாக ஏற்பட்டதில்லை. ஃபிஃபா 19இல் அவருக்கு 89 கொடுத்தார்கள். நியாயமான எண். ஆனால் வேகம் ஐம்பதை ஒட்டி இருந்ததால், எதிரே இருப்பவர் வேகமான ஒருவரை எடுத்து நேராக ஓடிவிட்டால் போதும், அந்த 89 நடுக்களத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். புஸ்கெட்ஸின் மேதைமை அவருடைய தலைக்குள் இருந்தது. அந்தத் தலையை நாம் எடுத்துவிட்டு நம்முடையதைப் பொருத்துகிறோம். ஜெர்மனி 2014இல் உலகக் கோப்பை வென்றபோது அணியிலிருந்த பெர் மெர்ட்டசாக்கருக்கும் இதே கதிதான். அவரை வைத்து இணையத்தில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உடல் என்று சொன்னேன். அதிலும் எண்ணுக்குள் அடங்காத சங்கதிகள் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த ஃபிஃபா 23, வீரர்கள் ஓடத் தொடங்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தது: சட்டெனப் பாய்பவர், சீராக ஓடுபவர், மெல்லத் தொடங்கி நீண்ட ஓட்டத்தில் எட்டிப் பிடிப்பவர். மூன்றாவது வகைக்கு 'லெங்த்தி' என்று பெயர். வெளியான சில நாட்களிலேயே இந்த வகை வீரர்கள், வேக மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அதிக வேகம் காட்டப்பட்டவர்களை ஓடி முந்துவதைப் பார்த்து எல்லோரும் உயரமான வலுவான ஆட்களைத் தேடி அலைந்தார்கள். அந்தப் பதிப்பில் முன்கள வீரர்களான பென்சிமாவுக்கு 91, உயரமான ஹாலண்டுக்கு 88. ஆனால் கன்ட்ரோலரைப் பிடித்தவர்களில் பலர் ஹாலண்டைத்தான் விரும்பினார்கள், நானும்தான். பிறகு வந்த பேட்ச்களில் (ஆட்டத்துக்கான திருத்தங்களில்) அந்தச் சாய்வைக் குறைத்தார்கள். கவனியுங்கள், இடையில் யாருடைய மதிப்பெண்ணும் மாறவில்லை. அந்த எண்ணுக்குக் களத்தில் இருந்த பொருள்தான் மாறியது.

எஃப்சி 24இல் வந்த பிளேஸ்டைல்களும் (வீரரின் தனித்திறனைக் காட்டும் குறிகள்) இப்படித்தான். ஒரு வீரர் கார்டின் ஓரத்திலுள்ள சிறு சின்னம், சில வேளை ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வேலை செய்யும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் அதைக் கவனிக்கவே மாட்டார்.

மூளை சார்ந்த பண்புகள் முற்றிலும் வீண் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் இயக்குகிறீர்கள். மற்ற பத்துப் பேரும் கணினியின் பிடியில் இருக்கிறார்கள், அங்கே இடம் பிடித்தலும் எதிர்வினையும் வேலை செய்கின்றன. களத்தில் இறங்காமல் முடிவை மட்டும் கணக்கிடச் சொன்னால் மொத்த மதிப்பெண்ணே ராஜா. உங்கள் 87காரர், நீங்கள் ஆடாமல் கணக்கிட்டுத் தள்ளிய ஆட்டங்களில் எத்தனை கோல் அடித்தார் என்று பிரித்துப் பாருங்கள். அங்கே அவர் உங்கள் கையில் இருப்பதைவிட நன்றாகவே தெரிவார் என்று பந்தயம் கட்டுவேன்.

மூளையை நாம் பறிக்காத ஆட்டம் ஒன்று உண்டு: ஃபுட்பால் மேனேஜர். அங்கே நாம் பயிற்சியாளர் மட்டுமே. வீரர் தன் தலையோடு களத்தில் இறங்குகிறார். அப்படியானால் அங்கே எண்ணும் ஆட்டமும் பொருந்திப் போக வேண்டுமே என்றால், அதுவும் இல்லை, காரணம்தான் வேறு. அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 200க்குள் தற்போதைய திறன் என்று ஒரு மறைவான எண் இருக்கிறது. அதைச் சராசரி என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அது ஒரு பட்ஜெட். பண்புகள் ஒவ்வொன்றும், வீரர் ஆடும் இடத்தைப் பொறுத்து, அந்தப் பட்ஜெட்டிலிருந்து ஒரு விலையை எடுத்துக்கொள்கிறது. இரண்டு காலும் சமமாக வந்தால் அதற்கும் விலை உண்டு. மன உறுதி, இயல்பான உடற்தகுதி போன்ற சிலவற்றுக்கு விலையே இல்லை, அவை இலவசம். ஆகவே 150 உள்ள இருவரில் ஒருவர் அதை வேகத்துக்கும் ஃபினிஷிங்குக்கும் செலவழித்திருப்பார். மற்றவர் இடது கால், தடுத்துப் பறித்தல், தூரப் பாஸ் என்று சிதறவிட்டிருப்பார். பிந்தையவரை முன்களத்தில் நிறுத்திவிட்டு, அதே திறன்தானே என்று குறைபட்டுப் பயனில்லை.

அதற்கும் மேல், திரையில் காட்டப்படாத பண்புகள் அங்கே உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே தரத்தில் ஆடும் தன்மை, முக்கியமான ஆட்டங்களில் எழுவதா விழுவதா என்பது, காயத்துக்கு உள்ளாகும் இயல்பு ஆகியவை எண்களாகவே உள்ளே இருக்கின்றன. தரவுகளைக் காட்டும் எடிட்டரைத் திறந்தால் தெரியும், இல்லாவிட்டால் ஆள் தேடும் ஸ்கவுட்டின் அறிக்கையில் ஒரு வரியாகக் கசியும். ஒரே தரத்தில் ஆடும் தன்மை குறைவாக உள்ள நட்சத்திரம் ஒருவர், பத்து ஆட்டங்களில் நான்கில் மட்டும்தான் தம் உண்மையான எண்ணுக்கு ஆடுவார். மற்ற ஆறில் நீங்கள் சம்பளம் கொடுப்பது வேறு யாருக்கோ. இந்தத் தரவுத்தளத்தை விளையாட்டுப் பொம்மை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2008இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகம் தன் ஆள் தேடலுக்கு இதைப் பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தமே செய்துகொண்டது.

ஃபிஃபாவுக்குப் போட்டியாக இருந்த ப்ரோ எவல்யூஷன் சாக்கர் தொடர் இந்தச் சிக்கலை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே வைத்தது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீரர் பெயருக்கும் அருகே ஓர் அம்பு: மேல்நோக்கிய சிவப்பு என்றால் அன்று அவருக்குப் பொன்னாள், கீழ்நோக்கிச் சாய்ந்தால் எவ்வளவு பெரிய பெயரானாலும் உட்கார வைத்துவிடலாம். எண் அப்படியே இருக்க, அன்றைய மனிதர் வேறு என்பதை இதைவிட எளிதாக யாரும் சொல்லவில்லை. (அந்தத் தொடரின் ஆறாம் பதிப்பில் இன்டர் மிலானின் முன்கள வீரர் அட்ரியானோவின் இடது காலுக்கு மட்டும் அம்பின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. நண்பர்களுக்குள் இன்டர் மிலானை எடுக்கக் கூடாது என்று விதி வைத்த பிறகுதான் எங்களால் சண்டையில்லாமல் ஆட முடிந்தது.)

இன்னொரு காரணமும் உண்டு. மதிப்பெண்கள் பெரும்பாலும் பருவம் தொடங்கும் முன் எழுதப்படுகின்றன. ஆகவே அவை சொல்வது போன ஆண்டுக் கதையை. 2015–16 பருவத்தில் ஜேமி வார்டி லெஸ்டர் சிட்டிக்காகத் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்து, 24 லீக் கோல்களோடு பட்டம் வென்றார். அந்தப் பருவத்துக்கான ஃபிஃபாவில் அவர் ஒரு சாதாரண வீரராகத்தான் தொடங்கியிருந்தார். ஹாலண்டுக்கு 88 கொடுத்த பருவத்தில்தான் அவர் 36 லீக் கோல் அடித்து பிரீமியர் லீக் சாதனையை உடைத்தார். 91 அடுத்த ஆண்டு வந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆட்டம் வேண்டுமென்றே முடிவைத் திருப்புகிறது, ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஃபிஃபா தொடர் அளவுக்கே பழையது. ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்பக் கடினத்தை மாற்றியமைக்கும் ஒரு முறைக்கு, ஃபிஃபா தொடரை உருவாக்கும் இஏ நிறுவனம் காப்புரிமை பெற்றிருப்பது உண்மை. அதை ஆதாரமாகக் காட்டி, அந்த முறையைக் கொண்டு தங்களை அதிகமாகப் பணம் செலவழிக்கத் தூண்டுகிறார்கள் என்று 2020 நவம்பரில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் அதைத் தன் ஆட்டங்களில் பயன்படுத்தவில்லை என்று மறுத்ததோடு, தொழில்நுட்ப விவரங்களையும் பொறியாளர்களையும் வழக்குத் தொடுத்தவர்கள் முன் வைத்தது. 2021இல் அவர்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதற்குப் பிறகும் நம்பாதவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் சூதுக்குப் போகும் முன் தற்செயலின் பலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

நூறு உதைகளில் 25 கோல் போடும் ஒருவரையும் 20 கோல் போடும் ஒருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபினிஷிங்கில் இது கணிசமான வித்தியாசம். இருவருக்கும் தலா இருபது உதை கொடுத்தால், ஏறக்குறையப் பத்தில் நான்கு தடவை சுமாரானவர் சமமாகவோ கூடுதலாகவோ கோல் அடித்து நிற்பார். தலா இருநூறு உதை கொடுத்தால்கூட எட்டில் ஒரு தடவை அதே கதை நடக்கும். ஒரு வீரரை வாங்கி ஐந்து ஆட்டம் ஆடிவிட்டு 'இவன் வேஸ்ட்' என்று முடிவு கட்டுபவர்களை நான் பொருட்படுத்தாததற்கு இதுதான் காரணம். அதே நேரம், உங்கள் விஷயத்தை முழுதும் தற்செயலின் தலையில் கட்ட முடியாது. இருபது ஆட்டங்களில் ஆளுக்கு அறுபது உதை என்று வைத்து, இருவரும் சமத் திறமை என்றே கொண்டாலும், 15க்கு 7 என்ற இடைவெளி தானாக வருவது அரிது. அங்கே வேறு ஏதோ நடக்கிறது, அதை நீங்களே உங்கள் கேள்வியில் எழுதியும் இருக்கிறீர்கள்: தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நீளமாகப் பந்தைத் தள்ளிவிட்டு முன்கள வீரரை ஓடவிடுவதுதான் உங்கள் ஆட்டம் என்று.

அந்த ஆட்டத்துக்கு 92 வேகமுள்ள குள்ளமானவர் பிறந்தே வந்தவர். 68 வேகமுள்ளவர் அதே பந்தை எட்டும்போது காப்பாளர் ஒருவர் தோளோடு தோளாக நிற்பார். திரும்பி உதைக்க இடம் இருக்காது. நெருக்கடியில் உதைத்த உதைக்கு ஃபினிஷிங் எவ்வளவு இருந்தும் துல்லியம் குறையும். இப்படி முப்பது முறை ஓடிய பிறகு தம்மும் தீர்ந்துவிடும். எழுபதாவது நிமிடத்தில் உங்கள் கையில் இருப்பவர் கார்டில் எழுதியிருக்கும் 87 அல்லர். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய தலையடியும் வலிமையும் இருபது ஆட்டங்களில் எத்தனை முறை வேலைக்கு வந்தன என்று யோசித்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து ஓர் உயரப் பந்துகூட நீங்கள் அனுப்பியதாகத் தெரியவில்லை.

ஆகவே விற்பதா வேண்டாமா என்பது அவரைப் பொறுத்ததல்ல, உங்களைப் பொறுத்தது. அவரை வைத்துக்கொள்வதானால் விளிம்பிலிருந்து கிராஸ் (கோல் முன்னே உயரப் பந்து) போடும் ஒருவரைச் சேருங்கள். அவர் காலுக்கு நேராகப் பாஸ் கொடுத்து, முதுகைக் காட்டி நிற்கவைத்து, பின்னாலிருந்து ஓடிவரும் வேகமான ஒருவருக்குத் தட்டிவிடுங்கள். பெனால்டி பகுதிக்குள் தவிர வேறெங்கும் அவரை ஓடவிடாதீர்கள். பதினைந்து ஆட்டம் இப்படி ஆடிய பிறகு அவர் கணக்கைத் திறந்து பாருங்கள்.

இதெல்லாம் எனக்கு ஒத்துவராது, நான் பந்தைத் தள்ளிவிட்டு ஓடத்தான் விரும்புகிறேன் என்றால், ஜனவரியிலேயே விற்றுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கேரியர் முறையில் விலை பேச வரும் கணினிக் கழகங்கள் அவரை உங்களைப் போல் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லை. மொத்த மதிப்பெண்ணையும் வயதையும் பார்த்தே பணம் கொடுக்கின்றன. முப்பதைத் தாண்டினால் அந்த விலை வேகமாக இறங்கும் என்பதால் தாமதிக்காதீர்கள். வரும் பணத்தில் 80ஐ ஒட்டிய இருவரை வாங்கலாம்; வாங்கும் முன் மொத்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, முடுக்கம், சுறுசுறுப்பு, சமநிலை, தம், பலவீனமான காலுக்கு எத்தனை நட்சத்திரம் என்ற ஐந்தை மட்டும் படியுங்கள். நீங்கள் விற்ற அந்த 79காரர் இப்போது எந்தக் கழகத்தில் இருக்கிறார் என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள், மலிவாகவே கிடைப்பார்.